தேர்முட்டிப் படியில் இருந்தவர்

அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை செல்லும் பாதையை ஒட்டிய தோட்டமொன்றிலே, சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் ஒரு லயத்து வாசலில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. தோட்டக் கோயிலிலே திருவெம்பாவைப் பாராயணம் முடிந்து, பிள்ளைகள் சுண்டலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தனர். வீட்டுக்காரப் பெரியவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். ஓய்வு பெற்று, ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

அந்தப் பணத்தைப் பற்றியதே அன்றைய பேச்சு. பக்கத்து நகரிலே ஒரு சாமியார் வந்து தங்கியிருந்தார். காவியும் உருத்திராக்கமும் தரித்து, முன்னும் பின்னும் இரு வாகனங்கள் தொடர வந்தவர். பெரியவரின் குடும்பத்தில் ஒரு தோஷம் இருப்பதாகவும், அதற்குப் பரிகாரமும் பாதபூசையும் செய்ய ஐம்பதினாயிரம் ரூபா ஆகுமென்றும் அவருடைய ஆட்கள் சொல்லிப் போயிருந்தனர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக ஆக்குவதற்கே பல ஆண்டுகள் போராடி, 2021ஆம் ஆண்டிலேதான் அது கைகூடியது. அந்தக் கணக்கிலே பார்த்தால் ஐம்பதினாயிரம் என்பது ஐம்பது முழுப்பேருக்கான கூலி. மழையால் அரைப்பேர் விழுந்த நாட்களையும் எண்ணினால் இன்னும் அதிகம். பெரியவர் கொடுத்துவிடுவதென்றே முக்கால் பங்கு முடிவு செய்திருந்தார்.

அவருடைய பேத்தி உயர்தர வகுப்பிலே படிப்பவள். வாசற்படியில் நின்றபடி அவள் நம்மைக் கேட்டாள்: "மாமா, பத்திரிகைக்கு எழுதுறீங்களே, ஒன்னு சொல்லுங்க. உண்மையான குரு யாரு, வேஷம் போடுறவரு யாருன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"சின்னப் புள்ள பேசுற பேச்சா இது?" என்று பெரியவர் அதட்டினார். ஆனால் அவரும் நம் முகத்தையே பார்த்தார்.

அன்று அவர்களுக்கு நாம் சொன்னவற்றையும், வீடு திரும்பிய பின் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

குருவை ஆராயாமல் ஏற்பது தமிழருடைய பழக்கமன்று. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே எழுதிய பரமார்த்த குரு கதையை அறியாத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பிய அவர்களுடைய குருவும் இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். எழுதியவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த பாதிரியார் ஆயினும், சிரித்தவர்கள் நம்மவர்களே. ஆனால் சிரிப்பதால் மட்டும் வழி தெரிந்துவிடாது. போலியைக் கண்டு நகைக்கத் தெரிந்தவனுக்கு உண்மையானவர் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேட நாம் மலையை விட்டிறங்கி யாழ்ப்பாணத்து நல்லூருக்குப் போகவேண்டும்.

நல்லூர்க் கந்தசாமி கோயிலின் தேர் நிற்கும் இடத்தருகே, சுவாமியைத் தேரில் எழுந்தருளச் செய்வதற்கான படிக்கட்டோடு கூடிய கட்டடம் ஒன்று உண்டு. அதைத் தேர்முட்டி என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்தப் படிகளிலே ஒருவர் அமர்ந்திருப்பார். அழுக்கேறிய துணி, சீவாத தலை, தமக்குத் தாமே ஓயாத பேச்சு, திடீரென்று ஒரு சிரிப்பு, அருகே வருவோர்மீது வசைமாரி. யாழ்ப்பாணத்தார் பைத்தியத்தை விசர் என்பர். அவருக்கும் விசர்ச் செல்லப்பா என்றே பெயர் வைத்திருந்தனர். ஒரு காலத்திலே கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டு இப்படி ஆகிவிட்டார் என்று ஊரார் இரங்கினர். சிறுவர்கள் கேலி செய்தனர். மண்சட்டியிலே தாமே சோறு சமைப்பார். சில வேளை சமைத்து முடிந்ததும் சட்டியையே உடைத்துவிட்டுப் போய்விடுவார் என்றும் சொல்வார்கள்.

இவரே செல்லப்பா சுவாமிகள். கடையிற் சுவாமிகள் என்னும் ஞானியின் மாணாக்கர். இதை அறிந்தவர் மிகச் சிலர். அறிந்து அருகே சென்றவர்களையும் அவர் நெருங்கவிடவில்லை. மடம் கட்டவில்லை, தீட்சை கொடுப்பதாகச் சொல்லவில்லை, ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கும்பிட வந்தவனைத் துரத்தினார். காணிக்கை கொண்டு வந்தவனை இன்னும் வேகமாகத் துரத்தினார்.

அவரைக் கண்டுகொண்ட ஒருவருடைய கதையே நமக்கு முக்கியம். யோகநாதன் என்பது அவர் பெயர். 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கிளிநொச்சியிலே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தார். சமய நாட்டம் உள்ள இளைஞர். 1897 தை மாதத்திலே சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்தபோது, தீவட்டி ஊர்வலமாக அவரை அழைத்துச் சென்ற அந்த மாலையிலே, கேட்கச் சென்றவர்களுள் யோகநாதனும் ஒருவர் என்பர்.

இதை நாம் சொல்லும் காரணம், ஊர்வலத்தைக் கண்டவுடனே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. விவேகானந்தருக்கும் தோரணம் கட்டினார்கள், மேளம் கொட்டினார்கள். அது மக்களுடைய மகிழ்ச்சி. அவருடைய தேவை அன்று.

யோகநாதனுக்குக் குரு கிடைத்ததோ ஊர்வலத்தில் அன்று. 1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தெருவிலே அவர் சென்றுகொண்டிருந்தபோது, தேர்முட்டியிலிருந்த அந்த விசரர் அவரைப் பார்த்து, "ஆரடா நீ?" என்று உரத்துக் கேட்டார். நம்மை எவரேனும் தெருவிலே இப்படிக் கேட்டால் என்ன செய்வோம்? பெயரைச் சொல்வோம், உத்தியோகத்தைச் சொல்வோம், கொஞ்சம் மானமுள்ளவராயின் சண்டைக்கும் நிற்போம். யோகநாதன் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் கேள்விக்குத் தம்மிடம் விடையில்லை என்பது அந்தக் கணத்திலே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பின்னர் கிளிநொச்சியிலிருந்து ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நல்லூருக்கு வரலானார். சில ஆண்டுகளில் வேலையையும் விட்டுவிட்டார்.

அப்படி வந்தவருக்கு என்ன கிடைத்தது? ஏச்சு. வெயிலிலே நெடுந்தூர நடை. பல நாள் பட்டினி. புகழ்ந்து ஒரு வார்த்தை இல்லை. நாம் வியப்பது செல்லப்பருடைய கடுமையைப் பார்த்தன்று. கடுமை போலிகளிடமும் உண்டு. பக்தர்களை ஏசுவதையே ஒரு கவர்ச்சியாக வைத்துப் பிழைத்தவர்களும் உலகில் உண்டல்லவா? ஆனால் அவர்கள் ஏசிய கையோடு தட்டையும் நீட்டுவார்கள்; ஏச்சு வாங்கியவன் மறுநாளும் தம் வாசலுக்கே வரவேண்டுமென்று பார்த்துக்கொள்வார்கள். செல்லப்பரோ, மாணாக்கன் பக்குவம் அடைந்தான் என்று கண்டதும் அவனைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு யானைகளை ஒரே கட்டையில் கட்டலாகாது என்னும் கருத்துப்படச் சொல்லி அனுப்பிவிட்டார் என்று வழிவழியாகக் கூறுவர். இத்தனை ஆண்டு தம்மையே சுற்றி வந்த மாணாக்கனையும் போ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? தனிமையை அஞ்சுகிறவனால் முடியாது. பின்னால் வருவோரின் தொகையைக் கொண்டு தன் உயரத்தை அளக்கிறவனால் முடியவே முடியாது.

1915இல் செல்லப்பர் நோயுற்றுத் தம் குடிசையிலே கிடந்தபோது யோகநாதன் பார்க்கச் சென்றார். படலைக்குள் கால் வைக்குமுன்பே, வெளியிலே நின்று பார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெளி என்ற சொல்லுக்கு வாசற்புறம் என்றும் பொருள். எல்லையற்ற பெருவெளி என்றும் பொருள். எப்பொருளில் சொன்னார் என்று இன்றளவும் அடியார்கள் எண்ணி எண்ணி மகிழ்கின்றனர். யோகநாதன் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அவ்வாண்டிலேயே செல்லப்பர் மறைந்தார். தமக்குப் பின் இன்னாரே பீடாதிபதி என்று அறிவிக்க அங்கே பீடமும் இல்லை, பத்திரமும் இல்லை.

செல்லப்பர் விட்டுச் சென்றவை நான்கு சிறு வாசகங்களே. அவற்றுள் ஒன்று "நாம் அறியோம்" என்பது. இதை நாம் பலகாலம் அலட்சியமாகப் படித்துக் கடந்ததுண்டு. இப்போது நினைக்கும்தோறும் திகைப்பாக இருக்கிறது. எல்லாம் தமக்குத் தெரியுமென்று சொல்பவரையே நாம் குருவென்று தேடிப் போகிறோம்; நம் வீட்டுத் தோஷம் என்ன, மகளுக்கு எப்போது கலியாணம், மகனுக்கு எப்போது வெளிநாட்டு விசா என்று. அறியோம் என்று சொல்பவரிடம் யார் போவார்கள்? போனால் காணிக்கை எதற்குக் கொடுப்பார்கள்?

யோகநாதன் பின்னர் கொழும்புத்துறையிலே ஓர் இலுப்பை மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார். மழையிலும் அங்கேயே. அதன் பின்பே அன்பர்கள் வற்புறுத்தி அருகிலிருந்த ஒரு சிறு குடிலிலே அவரை இருத்தினர். அவரே யோகர் சுவாமிகள். 1964 பங்குனியில் மறையும் வரை அந்தக் குடிலே அவருடைய இடம். காவி உடுத்தவில்லை, வெள்ளை வேட்டியே உடை. படம் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. இன்று நாம் காணும் சில படங்களும் அவர் விரும்பி நின்று எடுத்தவை அல்ல. காலில் விழப் போனவர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு எழுந்தனர். வழக்கறிஞரும் அமைச்சரும் வந்தனர். கமக்காரரும் கூலிக்காரரும் வந்தனர். பௌத்தரும் கிறித்தவரும் வந்தனர். யாரை உட்கார வைப்பார், யாரை வாசலோடு அனுப்புவார் என்று எவராலும் சொல்ல முடியாது. பதவியைக் கண்டு பாய் விரித்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம் மலைநாட்டார் அறியவேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்தவர் சோல்பரிப் பிரபு. அவர் தலைமை தாங்கிய ஆணைக்குழுவின் பெயரால் வழங்கிய அரசியலமைப்பின் கீழேதான், 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அந்தக் கசப்பை ஒருபுறம் வைப்போம். மகாதேசாதிபதிக்கு நுவரெலியாவிலே கோடை மாளிகை ஒன்று அக்காலத்தில் இருந்தது; குவீன்ஸ் கொட்டேஜ் என்றனர். அப்பேர்ப்பட்ட மாளிகைகளின் வாசல் தமக்குத் திறந்திருக்க, பிரபுவின் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்போதம், ஒக்ஸ்போர்டில் படித்தவர், கொழும்புத்துறைக் குடிலிலே தரையில் அமர்ந்தார். யோகர் சுவாமிகளின் மாணாக்கரானார். சந்தசுவாமி என்று தமிழ் மக்கள் அவரை அழைத்தனர். தந்தைக்குப் பின் பிரபுப் பட்டமும் அவரை வந்தடைந்தது.

இப்படி ஒருவர் தம் குடிலுக்கு வந்தால் இக்காலத்துச் சாமியார் ஒருவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். சுவரொட்டி அச்சாகிவிடும்! யோகர் சுவாமிகளோ, அவருடைய பெயரை வைத்து எந்தப் பெருமையும் தேடவில்லை. அமெரிக்காவிலிருந்து 1949இல் வந்த இளைஞர் ஒருவரும் அவ்வாறே ஏற்கப்பட்டு, தம் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். சிவாய சுப்பிரமுனிய சுவாமி என்று பின்னாளில் பெயர் பெற்று, ஹவாய்த் தீவிலே சைவ ஆதீனம் கண்டவர் அவர்.

தம் பெயரால் ஓர் அமைப்பு வேண்டுமென்று சுவாமிகள் நினைத்திருந்தால் ஒரே நாளில் எழுந்திருக்கும். 1935இல் மாத இதழ் ஒன்று தொடங்கியது. அதன் பெயர் சிவதொண்டன். 1953இல் வண்ணார்பண்ணையில் ஒரு நிலையம் எழுந்தது; அதன் பெயர் சிவதொண்டன் நிலையம். இரண்டிலும் அவர் பெயரில்லை. அங்கே போனால் மௌனமாக இருக்கவேண்டும் என்பதே முதல் விதி. அவரைத் தேடி வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அவர் சொன்னதும் இதுவே: வீட்டுக்குப் போ, உன் வேலையைப் பார், செய்கிற வேலையைச் சிவதொண்டாகச் செய். ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். எழுதுவினைஞர் கந்தோருக்குத் திரும்பினார். தம்மிடம் வந்தவனைத் தம் வாசலிலேயே கட்டிப்போடாமல் அவனுடைய வாசலுக்குத் திருப்பி அனுப்பியவர் என்பதையே, நம்மைக் கேட்டால், எல்லா அடையாளங்களிலும் பெரிய அடையாளமாகச் சொல்வோம்.

ஏனெனில் எளிமையான உடையை மட்டும் நம்பி முடிவு செய்யவும் வழியில்லை. கந்தலும் ஒரு வேடமாகலாம். வெறுந்தரையில் படுப்பதையும் பத்துப் பேர் பார்க்கும்படி படுக்கலாம். பார்ப்பவர் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. திருவண்ணாமலை இரமண மகரிஷியைப் பற்றிப் பலரும் அவருடைய பார்வையையும் மௌனத்தையும் எழுதியுள்ளனர். நமக்கோ அவருடைய சமையற்கட்டே பெரிதாகத் தோன்றுகிறது. பல ஆண்டுகள் அவர் விடியுமுன் எழுந்து, அன்பர்கள் கண் விழிக்காத நேரத்திலே, காய் நறுக்கியும் துவையல் அரைத்தும் அடுப்படியில் உழைத்தார். பந்தியில் தம் இலைக்கு மட்டும் ஏதேனும் கூடுதலாக விழுந்தால் அதை ஏற்கமாட்டார். எல்லோருக்கும் எதுவோ அதுவே தமக்கும். 1924இல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவரையும் அடித்தபோது, எதிர்த்து எழுந்த அன்பர்களைத் தடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விலகி நின்றார். எடுத்துப் போக அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. பெரியவர் இலேசில் விடுகிறவர் அல்லர். திருவாசகம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். "எல்லாஞ் சரிங்க. மாணிக்கவாசகர் என்ன செஞ்சாரு? குதிரை வாங்க ராசா குடுத்த காசை அப்படியே திருப்பெருந்துறையில குருவுக்குக் குடுத்தாரா இல்லியா? அது தப்பா?" என்றார்.

நல்ல கேள்வி. நாம் சற்றுத் தடுமாறியதை மறைக்க விரும்பவில்லை. பேத்தியும் புன்னகை செய்தாள். அமைச்சரான வாதவூரர் குருந்த மரத்தடியிலே குருவைக் கண்டதும், அரசன் பணத்தையெல்லாம் கோயில் திருப்பணியிலே செலவிட்டதும், பின்னர் பாண்டியனிடம் தண்டனை அனுபவித்ததும் எல்லோரும் அறிந்த கதை. ஒருவர் தம்முடைய பேரன்பினால் அள்ளிக் கொடுப்பதை யார் தவறென்று சொல்ல முடியும்?

"கொடுத்தார், உண்மைதான் ஐயா," என்றோம். "ஆனால் மரத்தடியில் இருந்தவர் கேட்டாரா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி, கொழுந்துக் கூடைக் கயிறு உராய்ந்து உராய்ந்து உச்சித் தலைமுடி தேய்ந்துபோன அந்த அம்மையார், எட்டிப் பார்த்து, "அந்த ஆளுங்க வந்தன்னிக்கு எனக்கு ஒரு வாய் பேச இடங்குடுக்கல. இவருக்கிட்டயே பேசிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்டக் காசில்லன்னு தெரியும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இத்தனை நேரம் நாம் பேசியதைவிட அந்த ஒரு பேச்சுக்கே அங்கே மதிப்பு அதிகம் இருந்ததைக் கண்டோம்.

நாம் புறப்படும்போது பனி விலகி, எதிர்மலையிலே கொழுந்து மலையின் வரிசைகள் தெரியத் தொடங்கியிருந்தன. பெரியவர் இஸ்தோப்பு வரை கூடவே வந்தார். பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் கேட்டார்:

"அந்த நல்லூர்ச் சாமி எங்க உக்காந்திருப்பாருன்னு சொன்னீங்க?"

"தேர்முட்டியிலே."

"மேலயா, படியிலயா?"

"படியிலே."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரோரமாகச் சாத்தினார். அன்று மாலை கோயில் கூட்டும் முறை அவருடையது என்று பேத்தி சொன்னாள்.